காவிரிப் படுகையில் கடமை நீக்கம்: பரிகாரம், இறையிலி, தள்ளுபடி ஆகிய சொற்களின் பொருளும் சட்டப் பயனும்

ஆய்வுச்சுருக்கம்

சட்டப்படி ஒருவர்மேல் சுமந்த கடமையிலிருந்து அவரை விடுவிப்பதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. இறையிலி, இறைகாவல், பரிகாரம், வஜா, நிவாரணம், தள்ளுபடி என்பன அவற்றுள் சில. இவை ஒரு பொருட்கிளவிகள் போலக் கையாளப்பட்டாலும் இவற்றின் சட்டப் பயன் ஒன்றன்று. சோழர்காலச் செப்பேடுகள், கல்வெட்டுகள் முதல் இக்காலக் கடன் தள்ளுபடி ஆணைகள் வரை தஞ்சை வட்டாரத்தோடு தொடர்புடைய சான்றுகளைக் கொண்டு, கடமை நீக்கம் என்பது கடமையின் இடமாற்றம், கடமையின் தளர்வு, கடமையின் அழிவு என மூவகைப்படும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குறிச்சொற்கள்: கடமை, காணிக்கடன், இறையிலி, இறைகாவல், பரிகாரம், வஜா, தள்ளுபடி, கொத்தடிமை ஒழிப்பு, காவிரிப் படுகை.

முன்னுரை

ஒரு சமுதாயம் கடமையை எவ்வாறு சுமத்தியது என்பதை வரலாற்றாய்வுகள் விரிவாக ஆராய்ந்துள்ளன. அக்கடமையை அது எவ்வாறு இறக்கி வைத்தது என்பது அதே அளவுக்கு ஆராயப்படவில்லை. வரிகளின் பெயர்ப்பட்டியல்கள் பல உள்ளன. விலக்குகளின் இலக்கணம் அரிதாகவே பேசப்படுகிறது. ஆனால், அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைச் சுமத்துதலைக் காட்டிலும் விடுவித்தலே தெளிவாகக் காட்டும். விடுவிக்கும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, அவரே கடமைக்கு உரியவர். விடுவிக்கப்பட்டவராக ஆவணத்தில் எவர் பெயர் இடம்பெறுகிறதோ, அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர்.

காவிரிப் படுகை இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நெல்லே அளவையாகவும் வருவாயாகவும் கூலியாகவும் குத்தகையாகவும் விளங்கிய நிலப்பகுதி இது. கடமையும் விலக்கும் இங்குக் கலக்கணக்கில் எழுதி வைக்கப்பட்டன. இவ்வெழுத்துச் சான்றுகளின் துணையோடு, ஒவ்வொரு விடுவிப்புக்குப் பின்னும் சுமை எங்குச் சென்றது என்னும் வினாவை எழுப்ப இயலும்.

கடமை, கடன்: சொற்பொருள்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் பழைய இலக்கியங்களில் செய்ய வேண்டிய முறைமையைக் குறித்தது. பின்னர்த் திருப்பித் தர வேண்டிய பொருளையும் குறிக்கலாயிற்று. ‘கடமை’ என்பது இன்று ஒழுக்கம் சார்ந்த பொறுப்பைக் குறிக்கிறது. சோழர்காலக் கல்வெட்டுகளிலோ அது நிலவரியின் பெயராகவே பெரிதும் வருகிறது. நொபொரு கராஷிமா முதலியோர் செய்த வரிச்சொல் ஆய்வுகள், கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, எச்சோறு முதலியன மிகுதியாகப் பயின்றுவந்த வரிச்சொற்கள் என்பதைப் புலப்படுத்தியுள்ளன. இவற்றுள் வெட்டி என்பது ஊதியமற்ற உழைப்பைக் குறிக்கும். ஆகவே அக்காலக் கடமை நெல்லாகவும் காசாகவும் மட்டுமன்றி உடலுழைப்பாகவும் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் வரும் ‘காணிக்கடன்’ என்னும் தொடர் இங்குக் கருதத்தக்கது. காணி என்பது நிலத்தின்மீதான உரிமை. கடன் என்பது அந்நிலத்துக்காகச் செலுத்த வேண்டியது. உரிமையும் பொறுப்பும் ஒரே தொகைச்சொல்லில் பிணைந்திருக்கின்றன. கடனைச் செலுத்தத் தவறினால் காணியும் நிலைக்காது என்பதற்கு, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து உக்கலில் கிடைத்த முதலாம் இராசராசனின் 24 ஆம் ஆட்சியாண்டு ஆணை சான்றாகும். நிலவரியை நிலுவையில் விட்ட காணியாளரின் நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ள அவ்வாணை இடமளித்தது. எனவே கடனிலிருந்து விடுவித்தல் என்பது அக்காலத்தில் வெறும் பணச்சலுகை அன்று; காணியைக் காக்கும் அரணும் ஆகும்.

செப்பேட்டுப் பரிகாரம்

இக்கால வழக்குரைகளில் வாதி நீதிமன்றத்திடம் கோருவது ‘பரிகாரம்’ எனப்படும். விளம்புகைப் பரிகாரம், உறுத்துக்கட்டளைப் பரிகாரம் என்பன வழக்கறிஞர்களின் அன்றாடச் சொற்கள். பொதுமக்கள் வழக்கில் இது தோடத்துக்குச் செய்யும் கழுவாயைக் குறிக்கிறது. சோழர் செப்பேடுகளில் இதே சொல் வேறொரு திட்டமான பொருளில் வருகிறது. கொடை பெற்ற ஊர் எவ்வெவ் வரிகளிலிருந்து விலக்குப் பெற்றது என்பதன் பட்டியலே அங்குப் பரிகாரம். கொடைக்குரிய நிபந்தனைகள் ‘வியவஸ்தை’ எனப்பட்டன.

இதற்கு ஆனைமங்கலச் செப்பேடுகள் சிறந்த எடுத்துக்காட்டாகும். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும் இவை வழங்கப்படுகின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை இவை கூறுகின்றன. நாடாட்சி, ஊராட்சி, தறிப்புடவை, தரகு, தட்டாரப்பாட்டம், இடைப்பாட்டம், உல்கு, ஓடக்கூலி எனப் பல இறைகள் பரிகாரப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்தி வரையறுத்த செய்தியும் அதில் உண்டு.

இக்கொடையில் சொல்லப்படும் நெல்வருவாய் 8,943 கலமும் சில்லறையும் ஆகும். இந்நெல் மறைந்துவிடவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அரசின் பண்டாரத்துக்குச் சென்றது விகாரத்துக்குச் செல்லலாயிற்று. கொடை பெற்ற நிறுவனத்தின் பார்வையில் ஊர் இறையிலி. வயலில் இறங்கி உழுதவரின் பார்வையிலோ, அளந்து கொடுக்கும் இடம் மாறியதேயன்றி அளக்கும் கடமை நீங்கவில்லை. மேல்வாரம், குடிவாரம் என்னும் பிற்காலப் பாகுபாட்டைக் கொண்டு கூறினால், இறையிலி என்பது மேல்வாரத்தைப் பெறுபவர் மாறுவதாகும். குடிவாரத்தின் அளவு அதனால் தானே கூடுவதில்லை.

பெரிய கோயிற் கல்வெட்டுகள் கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களைக் கணக்கிடும் முறையும் இதையே உறுதிப்படுத்துகிறது. ஊரின் மொத்த நிலம் முதலில் அளவிடப்படுகிறது. அதிலிருந்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு முதலியன கழிக்கப்படுகின்றன. எஞ்சிய நிலத்துக்கே காணிக்கடன் விதிக்கப்படுகிறது. விளைச்சல் தராத நிலத்துக்கு இறையில்லை என்னும் பொருளாதார அறிவு இதில் வெளிப்படுகிறது. ஆனால் சேரி நிலத்துக்குக் கிடைத்த விலக்கு, அச்சேரியில் வாழ்ந்தோரின் உழைப்புக்குக் கிடைத்த விலக்கு ஆகாது. நிலத்தை விடுவித்தலும் மனிதரை விடுவித்தலும் வெவ்வேறு என்பதை இக்கணக்குமுறை உணர்த்துகிறது.

இறைகாவல்: சுமையின் இடமாற்றம்

அரசன் ஆணையின்றியே ஒரு நிலத்தை இறையிலியாக்கும் வழியும் சோழர்காலத்தில் இருந்தது. கோயிலுக்கு நிலம் அளிக்க விரும்பும் ஒருவர், அந்நிலத்துக்கான ஆண்டு வரிக்கு ஈடாக ஒரு தொகையை ஊர்ச்சபையிடம் முதலாகக் கொடுப்பார். அத்தொகை இறைத்திரவியம் அல்லது இறைகாவல் எனப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்ட சபை, அந்நிலத்தின் வரியைத் தானே காலந்தோறும் செலுத்துவதாக எழுதிக் கொடுக்கும். ‘இறை இழிச்சுதல்’ என்னும் தொடரும் கல்வெட்டுகளில் உண்டு. இழிச்சுதல் என்றால் இறக்கி வைத்தல். தலைச்சுமையை இறக்கும் உருவகம் அச்சொல்லிலேயே அமைந்துள்ளது.

இந்த ஏற்பாட்டில் அரசுக்கு இழப்பில்லை. நிலத்தின் உரிமையாளருக்கும் கோயிலுக்கும் கவலையில்லை. சுமை சபையின் தோளுக்கு மாறுகிறது. சபை பெற்ற முதல் நல்ல வட்டி ஈட்டும்வரை இவ்வேற்பாடு நிலைக்கும். முதல் செலவழிந்தாலோ வரி உயர்ந்தாலோ சபை அதன் பங்கை ஊரின் பிற நிலங்கள்மேல் பரப்பியே ஈடுசெய்ய இயலும். ஆகவே ஒரு நிலத்தின் விடுதலை, அயல் நிலத்தின் கூடுதல் சுமையாக மாறும் வாய்ப்பு இம்முறையின் அமைப்பிலேயே உள்ளது.

இதனோடு ஒப்பிடுகையில், முதலாம் குலோத்துங்கன் (1070–1120) பெற்ற ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப்பெயர் வேறுவகைப்பட்டது. இங்குச் சுங்கம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றப்படவில்லை. தவிர்க்கப்பட்டது, அதாவது நிறுத்தப்பட்டது. பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவனே அதைக் கைவிடுவதால் கடமை அந்த அளவில் இல்லாதாகிறது. ஒரு வரியை நிறுத்தியதற்காக மன்னன் பெயர்பெறுவது, அத்தகைய முழு நீக்கம் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதையும் காட்டுகிறது.

குடிகள் தாமே வரையறுத்த எல்லை

விடுவிப்பு எப்போதும் மேலிருந்தே வந்தது என்று கொள்வதற்கில்லை. விசயநகர ஆட்சிக்காலத்தில், 1429 ஆம் ஆண்டில், மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள கொறுக்கையில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இதற்குச் சான்று. வலங்கை தொண்ணூற்றெட்டு, இடங்கை தொண்ணூற்றெட்டு என்னும் இரு பிரிவினரும் ஒன்றுகூடி, முறையற்ற வரித்தண்டலை எதிர்த்து முடிவெடுத்தனர். எந்நிலத்துக்கு எவ்வளவு செலுத்துவது என்பதையும் அவர்களே வரையறுத்தனர். அரசு அலுவலரோடும் சீவிதக்காரரோடும் சேர்ந்து வரிச்சுமைக்குத் துணைபோவோர்க்கு ஒத்துழைப்பதில்லை என்றும் உறுதிகொண்டனர்.

சட்ட நோக்கில் இந்நிகழ்வு நுட்பமானது. கூடியவர்கள் கடமை முழுவதையும் மறுக்கவில்லை. முறையான கடமையையும் முறையற்ற தண்டலையும் பிரித்தனர். செலுத்த வேண்டியதைக் கல்லில் வரையறுத்ததன் வாயிலாக, அதற்கு மேற்பட்டது கடமையன்று என அறிவித்தனர். இவ்வகையில் கடமையின் எல்லையை வரையறுத்தலும் ஒரு விடுவிப்பே.

வஜா: கடமையின் தளர்வு

1799 அக்டோபர் 25 ஆம் நாள் உடன்படிக்கைக்குப் பின் தஞ்சை நாட்டின் ஆட்சிப் பொறுப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. காணியாட்சி, மிராசு என்னும் பெயரில் வருவாய் ஆவணங்களில் நிலைபெற்றது. காலப்போக்கில் பசலி ஆண்டு, சமாபந்தி, பட்டா, அடங்கல் ஆகியவற்றோடு ‘வஜா’ என்னும் சொல்லும் கிராமக் கணக்கில் இடம்பிடித்தது. நீர் வராமையாலோ வெள்ளத்தாலோ பயிர் சாவியாகிப் போனால் அவ்வாண்டுத் தீர்வையில் கழிக்கப்படுவதே வஜா.

வஜாவுக்கு இரு பண்புகள் உண்டு. முதலாவதாக, அது அந்தப் பசலிக்கு மட்டுமே உரியது. அடுத்த ஆண்டு கடமை முழுமையாக மீள்கிறது. இரண்டாவதாக, அது உரிமையாகக் கேட்டுப் பெறுவதைவிட அதிகாரியின் பார்வையீட்டையும் தீர்மானத்தையும் சார்ந்தது. பயிரைப் பார்த்து எழுதும் கணக்குப்பிள்ளையின் குறிப்பே விடுவிப்பின் அடிப்படையாயிற்று. எனவே வஜா கடமையை இடம் மாற்றவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஒரு பருவத்துக்குத் தளர்த்தியது. தீர்வை செலுத்துபவர் பட்டாதாரர் ஆதலின் வஜாவும் அவர் பெயரிலேயே அமைந்தது. அவரிடம் வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிட்டவருக்கு அத்தளர்வு எட்டியதா என்பது இருவருக்கும் இடையிலான வழக்காற்றைப் பொறுத்திருந்தது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872), சொத்து மாற்றுச் சட்டம் (1882) ஆகியன இவ்வுறவைப் பொதுச் சட்டத்தின் மொழியில் நோக்குகின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் 56 ஆம் பிரிவு, நிறைவேற்ற இயலாததாகிவிட்ட உடன்பாடு செல்லாதாகும் என்கிறது. 63 ஆம் பிரிவு, வாக்குறுதியைப் பெற்றவர் அதன் நிறைவேற்றத்தை முழுமையாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. அதற்குத் தனி மறுபயன் தேவையில்லை. குத்தகை நெல் பாக்கியை நிலவுடைமையாளர் விட்டுக்கொடுப்பது இப்பிரிவின்படி செல்லத்தக்க விடுவிப்பாகும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 108 ஆம் பிரிவு, வெள்ளம் முதலியவற்றால் குத்தகைச் சொத்து பயன்படாதவாறு அழிந்தால் குத்தகையைக் கைவிடும் விருப்புரிமையைக் குத்தகைதாரருக்கு அளிக்கிறது. ஆயினும் அவ்வியல் வேளாண் குத்தகைக்குத் தானாகப் பொருந்தாது என 117 ஆம் பிரிவு விலக்குகிறது. வெள்ளத்தால் மிகுதியும் தாக்கப்படுவது வயலே என்னும் நிலையில் இவ்விலக்கு எண்ணத்தக்கது.

கடமையின் அழிவு: இருபதாம் நூற்றாண்டுச் சட்டங்கள்

1938 ஆம் ஆண்டில் இராசாசி தலைமையிலான சென்னை மாகாண அரசு இயற்றிய உழவர் கடன் நிவாரணச் சட்டம், தனியாருக்கிடையிலான கடனில் அரசு நேராகத் தலையிட்ட சட்டமாகும். 1932 அக்டோபர் 1 ஆம் நாளுக்கு முன் ஏற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 ஆம் நாள்வரை நிலுவையிலிருந்த வட்டி தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அசலின் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடன் முழுவதுமே தீர்ந்ததாயிற்று. இங்கு வட்டிச் சுமை எவருக்கும் மாற்றப்படவில்லை. கடன் கொடுத்தவரின் உரிமையே அந்த அளவுக்குச் சட்டத்தால் அழிக்கப்பட்டது.

தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952 இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து 1955, 1956 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் குத்தகைதாரர் வெளியேற்றத்தையும் குத்தகை அளவையும் மாநில அளவில் ஒழுங்குபடுத்தின. 1972 இன் குத்தகை நிலுவை நிவாரணச் சட்டம், நடப்புக் குத்தகையைச் செலுத்தினால் பழைய நிலுவை தீரும் என்னும் நிபந்தனை விடுவிப்பை வழங்கியது. ஒரு கடமையை நிறைவேற்றுவது மற்றொரு கடமையிலிருந்து விடுபடும் வாயிலாக இங்கு அமைந்தது.

இவற்றுள் கருத்தளவில் முழுமையானது 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபர் 25 இல் அவசரச் சட்டமாக வந்து பின்னர் நாடாளுமன்றச் சட்டமான இது, இரண்டு தனி விடுவிப்புகளைச் செய்தது. கொத்தடிமை உழைப்பாளர் ஒவ்வொருவரும் அவ்வுழைப்பை நல்கும் கடப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பது ஒன்று. அவ்வுழைப்புக்கு அடிப்படையாக இருந்த கடனைத் திருப்பித் தரும் பொறுப்பும் அழிந்தது என்பது மற்றொன்று. ஒரு கடன் கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் சுமையையும் சட்டம் கடன் கொடுத்தவர்மேல் வைத்தது. திருமணம் முதலிய செலவுக்குப் பெற்ற முன்பணத்தால் பண்ணையோடு பிணைக்கப்பட்ட வரலாறுடைய ஒரு வட்டாரத்தில், உடலைக் கட்டிய முடிச்சையும் கடனைக் கட்டிய முடிச்சையும் ஒருசேர அவிழ்க்க வேண்டியிருந்ததை இச்சட்ட அமைப்பு உணர்ந்திருந்தது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் அவிழ்த்தால் அம்முடிச்சு மீண்டும் இறுகும்.

நிவாரணமும் தள்ளுபடியும்

‘நிவாரணம்’ என்னும் வடசொல்லின் மூலப்பொருள் தடுத்தல், அகற்றல் என்பதாகும். இன்றைய வழக்கில் அது கொடுத்தலைக் குறிக்கிறது. புயலுக்குப் பின் வழங்கப்படும் தொகை நிவாரணம். அது எந்தக் கடமையையும் அகற்றுவதில்லை. ‘தள்ளுபடி’ கடமையை அகற்றுகிறது. ஆனால் கையில் எதையும் கொடுப்பதில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது இவ்வேறுபாடு கண்கூடாயிற்று. புதிய தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். மரத்துக்கு ஒரு தொகை கிடைத்தாலும் மரத்தை நம்பிப் பெற்ற கடன் அப்படியே நிற்கும்.

கூட்டுறவுக் கடன் தள்ளுபடியில் கடமை அழிகிறதா, மாறுகிறதா என்பது அடுத்த வினா. 2021 பிப்ரவரி 5 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட தள்ளுபடி 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கடனைத் தழுவியது. உழவரின் கணக்கு முடிகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு வரவேண்டிய தொகையை அரசு ஈடுசெய்ய வேண்டியதாகிறது. எனவே அமைப்பு முறையில் இது 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிலும் சோழர்கால இறைகாவலையே ஒத்திருக்கிறது. அங்குச் சபை ஏற்றதை இங்குக் கருவூலம் ஏற்கிறது. ஈட்டுத் தொகை காலந்தாழ்ந்தால் சங்கம் அடுத்த சம்பாவுக்குக் கடன் வழங்கத் தடுமாறும். தள்ளுபடி பெற்றவரே மறுபருவத்தில் வெளியாரிடம் கடன் தேட நேரும்.

எவர் விடுவிக்கப்படத்தக்கவர் என்னும் வினா நீதிமன்றத்துக்கும் சென்றது. 2016 ஆம் ஆண்டுத் தள்ளுபடி 5 ஏக்கர் வரையுள்ள சிறு, குறு உழவர்க்கு மட்டும் வழங்கப்பட்டது. அதனை எல்லா உழவர்க்கும் விரிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 ஏப்ரல் 4 அன்று ஆணையிட்டது. 2021 நவம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, சிறு, குறு உழவரைத் தனி வகையாகக் கொள்வது சமத்துவ நெறிக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. விடுவிப்பு அனைவருக்கும் ஒரே அளவாக இருக்கத் தேவையில்லை. சுமையின் தாக்கத்தை நோக்கி வகுக்கப்படலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆயினும் அவ்வழக்கின் விவாதம் நிலத்தின் பரப்பைச் சுற்றியே அமைந்தது. படுகையில் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுவோர் உண்டு. குத்தகை உரிமைகளைப் பதிவுசெய்ய 1969 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டும், பதிவில்லாத குத்தகைதாரர் இன்றும் அடங்கலில் தம் பெயரைக் காட்ட இடர்ப்படுகின்றனர். அத்தகையோர் சங்கக் கடனைப் பெறுவது கடினம். பெறாத கடனுக்குத் தள்ளுபடியும் இல்லை. அவர்கள் வெளியாரிடம் வாங்கிய கடனை எந்த அரசாணையும் தொடுவதில்லை. கல்லில் பெயர் இல்லாதவருக்கு இறையிலி கிடைக்காததுபோல, கணக்கில் பெயர் இல்லாதவருக்குத் தள்ளுபடியும் கிடைப்பதில்லை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் கடமை நீக்கம் மூவகைப்படும் எனத் துணியலாம். இறையிலிக் கொடை, இறைகாவல், கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆகியவை கடமையையோ அதன் பயனையோ இடம் மாற்றுவன. வஜா கடமையை ஒரு பருவத்துக்குத் தளர்த்துவது. சுங்கத் தவிர்ப்பு, 1938 ஆம் ஆண்டின் வட்டி நீக்கம், 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமைக் கடன் நீக்கம் ஆகியவை கடமையை அழிப்பன. கொறுக்கைக் கல்வெட்டு காட்டும் எல்லை வரையறை, இம்மூன்றுக்கும் முற்பட்ட அடிப்படையாகும். எது கடமை என்பது தெளிந்த பின்னரே எதை நீக்குவது என்பது தெளியும்.

கல்வெட்டிலோ சட்டத்திலோ அரசாணையிலோ ஒரு விடுவிப்பைக் காணும் ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். விட்டுக்கொடுப்பவர் யார்? விடப்பட்ட சுமையை அதன்பின் ஏற்பவர் யார்? விடுவிக்கப்பட்டவராக எழுதப்படும் பெயர் யாருடையது? முதல் வினாவுக்கான விடை எல்லா ஆவணங்களிலும் பெரிய எழுத்தில் காணப்படும். மற்ற இரண்டுக்கான விடைகளை அளவுக் கணக்குகளிலும் கழிவுப் பட்டியல்களிலும் அடங்கல் பதிவுகளிலும் தேட வேண்டியுள்ளது. காவிரிப் படுகையின் உழைப்பாளர் வரலாறு அவ்விடங்களில்தான் பெரிதும் பொதிந்துள்ளது.